கேட்ட சொல்லே பெயரான கலவை

1806 மே 13 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த இதழொன்று, வாசகர் ஒருவரின் கேள்விக்கு விடையாக, காக்டெயில் என்பது மது, சர்க்கரை, தண்ணீர், கசப்பு மூலிகைகளை ஊறவைத்து எடுக்கும் 'பிட்டர்ஸ்' ஆகியவை சேர்ந்த பானம் என்று விளக்கியது.

அந்நூற்றாண்டின் பிற்பாதியில் மூலிகை மணமூட்டிய திராட்சை மதுவான வெர்மூத்தும், ஆரஞ்சுத் தோலின் மணமுள்ள இனிப்பு மதுவான குராசாவும் கலவைகளில் புகுந்து சுவையை மாற்றவே, முந்தைய எளிமையை விரும்பியவர்கள் அமெரிக்க மதுக்கூடங்களில் 'பழைய பாணியில்' வேண்டும் என்று கேட்கலாயினர்; அந்தக் கோரிக்கையே நாளடைவில் 'ஓல்டு ஃபேஷன்ட்' என்ற பெயராக நிலைத்தது.

சர்க்கரைக் கட்டியைப் பிட்டர்ஸில் நனைத்து நசுக்கி, விஸ்கியும் பனிக்கட்டியும் சேர்த்து அது கலக்கப்படுகிறது. அடி தடித்த, குட்டையான அதன் கண்ணாடிக் குவளைக்கும் இன்று அதே பெயர்தான் வழங்குகிறது.