மன்னார்: தீவும் மாதோட்டக் கரையும்

மன்னார் இலங்கையின் வடமேற்குக் கரையில், இராமேசுவரத்தை நோக்கி நீண்டு கிடக்கும் தீவும் அத்தீவின் நகரமும் ஆகும். நகரம் தீவின் தென்கிழக்கு முனையில் உள்ளது. அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதியும் பாலமும் ஆழமற்ற கடலைக் கடந்து பெருநிலத்தில் தள்ளாடியைத் தொடுகின்றன. அதற்கு அப்பால் மாந்தை, வங்காலை, நானாட்டான், முருங்கன், அரிப்பு, சிலாவத்துறை எனத் தெற்கே விரியும் நிலத்துக்கு மாதோட்டம் என்பது பழம்பெயர். வங்காலைக் கடற்கரைக்கு உள்ளே, நானாட்டான் பிரிவில் இருக்கும் நறுவிலிக்குளம் போன்ற ஊர்கள் வயலையும் கடலையும் ஒருசேர நம்பி வாழ்ந்தவை. தீவை விட்டுக் கரையையோ, கரையை விட்டுத் தீவையோ தனித்து எழுத முடியாது. துறைமுகம் கரையில் இருந்தது, கோட்டை தீவில் எழுந்தது, இரண்டுக்கும் சோறு போட்டது உள்நாட்டுக் குளநீர். மன்னாரின் வரலாறு பெரிதும் இடம்பெயர்ந்தவர்களின் வரலாறு. இங்கே மக்கள் மட்டும் இடம்பெயரவில்லை. தெய்வத் திருவுருவங்களும் இடம்பெயர்ந்திருக்கின்றன.

மாந்தைத் துறை

அநுராதபுரத்தைத் தொட்டு வரும் அருவியாறு (சிங்களத்தில் மல்வத்து ஓயா) அரிப்புக்கு அருகே கடலில் விழுகிறது. அநுராதபுரம் தலைநகராக இருந்த நூற்றாண்டுகளில் வெளிநாட்டுக் கப்பல்கள் வந்த துறை மாதோட்டம்தான். பாளி நூல்கள் அதை மகாதித்த என்கின்றன. இன்று அங்கே தெரிவது குதிரை லாடம் போல் வளைந்த மண்மேடும் அதைச் சுற்றிய அகழிகளின் தடமும் மட்டுமே.

1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வு போரினால் நின்றது. அதன் முழு அறிக்கை வெளிவர 2013 ஆயிற்று. சீனப் பீங்கான், மேற்காசிய மெருகு ஓடுகள், மணிகள் எல்லாம் அங்கே கிடைத்தன. பின்னாளில் மண்ணைச் சலித்துத் தாவர எச்சங்களை ஆராய்ந்தவர்கள் 7ஆம் நூற்றாண்டளவிலான மிளகையும், கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட ஒரு கராம்பையும் கண்டெடுத்தனர். கராம்பு அக்காலத்தில் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அந்த ஒரு மொட்டு ஏழாயிரம் கிலோமீற்றர் கடல் தாண்டி மாந்தைக்கு வந்திருக்கிறது. பெரிய நாணயக் குவியல் ஒன்றைவிட அது எனக்குக் கூடுதலாகப் பேசுகிறது.

சோழர் ஆட்சியில் மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழிகுமரன் என்னும் அதிகாரி இங்கே இராசராசேசுவரம் என்ற சிவன் கோயிலைக் கட்டியதைக் கூறும் கல்வெட்டு கொழும்பு நூதனசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டது. தலைநகர் பொலன்னறுவைக்குப் போன பின் துறை மெல்லத் தேய்ந்தது.

திருக்கேதீச்சரம்

மாந்தையின் பாலாவிக் கரையில் இருக்கும் திருக்கேதீச்சரம் 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தராலும் 8ஆம் நூற்றாண்டில் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம். ஈழத்தில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே. மற்றது திருகோணமலையின் கோணேசர் கோயில். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது ஊர் வழக்கு. அதன்பின் மூன்று நூற்றாண்டுகள் அந்த இடம் காடாய்க் கிடந்தது. தலம் இன்ன இடம் என்று சுட்டி, மீட்கும்படி சைவர்களை 1872இல் எழுப்பியவர் ஆறுமுக நாவலர். 1893இல் அரசு நிலத்தை ஏலத்தில் விட்டபோது சைவர்கள் வாங்கினர். 1903இல் சிறு கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்ற திருப்பணிச் சபை 1948இல் தோன்றியது. இப்போதைய கருங்கற் கோயில் இந்திய அரசின் உதவியோடும் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் உழைப்போடும் எழுந்தது. 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது. நாவலரின் அழைப்புக்கும் அந்தக் குடமுழுக்குக்கும் இடையே 150 ஆண்டுகள். சிவராத்திரிக்கு மக்கள் பாலாவியில் தீர்த்தம் அள்ளி, தங்கள் கையாலேயே மகாலிங்கத்துக்கு வார்ப்பது இத்தலத்து வழக்கம்.

கட்டுக்கரைக் குளம்

கோட்டையையும் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணிகள் கட்டுக்கரையைத் தவறவிடுகிறார்கள். மன்னாரின் மிகப் பெரிய சின்னம் அதுதான் என்பேன். 5ஆம் நூற்றாண்டு மன்னன் தாதுசேனனோடு தொடர்புபடுத்தப்படும் இந்தக் குளத்துக்கு, அருவியாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் கல்லணையால் மறித்து வாய்க்கால் வழியே நீர் கொண்டு வந்தார்கள். நூற்றாண்டுகள் உடைந்து கிடந்ததைப் பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தினர். கட்டுக்கரையின் துருசுகள் திறந்தால் நீர் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களுக்கு ஓடும். அங்கிருந்து வயலுக்குப் பாயும். காலபோகம் வாடை மழையோடும் இந்த நீரோடும் விளைகிறது. சிறுபோகத்தில் குளத்தில் மிஞ்சியிருக்கும் நீருக்கு ஏற்ப எந்த ஊர் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று விவசாயிகள் கூடி முடிவு செய்கிறார்கள். பின்தங்கிய வறண்ட மாவட்டம் என்று பேசப்படும் மன்னார்தான் வடக்கின் நெற்களஞ்சியங்களுள் ஒன்று. கட்டுக்கரைப் பகுதியில் 2016 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ப. புஷ்பரட்ணம் நடத்திய அகழாய்வில் சுடுமண் உருவங்களும் ஐயனார் வழிபாட்டுத் தடயங்களும் வெளிவந்தன. துறைமுகத்துக்குப் பின்னால் குடியானவர்களின் பழைய குடியிருப்பும் இருந்ததை அவை காட்டின.

கோட்டையும் சிலுவையும்

பிரான்சிசு சேவியர் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார்த் தீவு மக்கள் ஏறத்தாழ 600 பேரை 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். கரைவாழ் மக்கள் மதம் மாறினால் முத்தும் துறையும் போர்த்துக்கேயர் கைக்குப் போய்விடும் என்று அரசன் அஞ்சியது அக்கால அரசியல். இறந்தவர்களோ எளிய மனிதர். தோட்டவெளியில் உள்ள வேதசாட்சிகள் ஆலயம் அவர்களின் நினைவிடம்.

1560இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தினோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தைத் தாக்கித் திரும்பும்போது மன்னாரைப் பிடித்துக் கோட்டைக்கு அடியிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவர் சிலரும் அப்போது தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். நான்கு கொத்தளங்களும் சுற்று அகழியும் கொண்ட கோட்டை 1658இல் ஒல்லாந்தரிடம் விழுந்தது. 1696இல் அவர்கள் அதைத் திருத்திக் கட்டினர். 1795இல் பிரித்தானியரிடம் ஒப்படைத்தனர். உள்ளே கூரையிழந்த தேவாலயச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தபோது மாந்தையில் இருந்த சில குடும்பங்கள் 1670இல் மாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போயின. அவர்கள் தங்கிய இடம்தான் மருதமடு. அந்தச் சொரூபத்துக்கு 1924 ஜூலை 2ஆம் திகதி முடிசூட்டப்பட்டது. 2008 ஏப்பிரலில் போர் நெருங்கியபோது குருமார் அதை மறுபடியும் சுமந்து தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஓகஸ்டில் அது திரும்பியது. 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிசு அங்கே நின்று செபித்தார். இன்று மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். மன்னார் 1981இல் தனி மறைமாவட்டம் ஆயிற்று.

இந்தச் சமயத்தின் வழியேதான் மன்னாரின் கூத்தும் வளர்ந்தது. புனிதர் கதைகளை இரவிரவாக ஆடும் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கினின்று மெட்டிலும் ஆட்டத்திலும் வேறானது. ஊர்களில் அண்ணாவிமார் ஏட்டைப் பார்த்துப் பழக்குவார்கள். பேசாலையில் பாவைகளைக் கொண்டு திருப்பாடுகளை நிகழ்த்தும் உடக்குப் பாஸ் தனி மரபு.

அரிப்பும் முத்துச் சலாபமும்

கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், அருவியாற்றின் கரையைப் பிடித்துக் காட்டுக்குள் நடந்து 1679 ஒக்டோபரில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். மாந்தைக்குச் சரக்குப் போன பழைய ஆற்று வழியே அவருக்கு விடுதலை வழியும் ஆனது. அந்தச் சிறு கோட்டையைத்தான் ஊரார் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். அர்ச்சுனனை மணந்த அல்லி இக்கடற்கரையை ஆண்டாள் என்பது வாய்வழிக் கதை.

அரிப்புக்கு எதிரே கடலுக்கு அடியில் கிடப்பவை பார்கள்: பெரியபார், சேவல்பார், மோதரகம்பார். சிப்பி படியும் இந்தப் பாறைத் திட்டுகளில் வாடை ஓய்ந்து சோழகம் எழுமுன், மார்ச், ஏப்பிரல் மாதங்களில்தான் குளிக்க முடியும். சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, என்று பறை அறைந்தால் சிலாவத்துறையிலோ மரிச்சுக்கட்டியிலோ வெறும் மணலில் ஓலைக்கொட்டில் நகரம் ஒன்று எழும். கீழக்கரை, தொண்டி, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா எனப் பல கரைகளிலிருந்தும் குளியாட்கள் வருவார்கள். கல்லில் கால் வைத்துக் கயிற்றோடு இறங்குபவன் ஒரு நிமிடத்துக்குள் சிப்பியைப் பையில் அள்ளிக்கொண்டு மேலே வரவேண்டும். சுறாவைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதும் கடற்கட்டி கரையில் இருப்பார். அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்க மறுத்ததால் அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. தோணிகள் திரும்பியதும் சிப்பி கோட்டு எனப்படும் அடைப்புக்குள் போகும். பிரித்தானியரின் கடைசிக் காலச் சலாபங்களில் மூன்று பங்காகப் பிரித்து இரண்டு பங்கை அரசு எடுத்தது. ஒரு பங்குதான் உயிரைக் கொடுத்துக் குளித்தவனுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலம் போகும். வாங்கியவர் அதை நாட்கணக்கில் அழுக வைத்துக் கழுவித்தான் முத்தைத் தேடுவார். அந்த நாற்றத்துக்கும் ஈக்கும் நடுவே கொள்ளைநோய் பரவி முகாமையே கலைத்ததும் உண்டு.

1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. பதிவிலுள்ள சலாபங்களில் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. அடுத்த ஆண்டு மரிச்சுக்கட்டியில் பணிபுரிந்த இளம் அதிகாரி லெனாட் வூல்ஃப், பின்னர் அந்த அனுபவத்தைச் சிறுகதையாக்கினார். அதே 1906இல் பார்களை ஒரு லண்டன் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு அரசு கொடுத்தது. சிப்பி கைவிட்டது, கம்பனி சில ஆண்டுகளிலேயே கலைந்தது. பார் இப்படி ஏமாற்றுவது புதிதல்ல. 1768 முதல் 1796 வரையும், 1837 முதல் 1854 வரையும் சலாபமே நடக்கவில்லை. நீரோட்டம் மாறி மணல் மூடினாலோ, திருக்கையும் மற்ற மீன்களும் குஞ்சுச் சிப்பிகளைத் தின்றாலோ பார் வெறுமையாகும். வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்த பின் இந்தத் தொழில் மீண்டும் தலையெடுக்கவில்லை.

சலாபத்தை மேற்பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் கட்டிய மாளிகை டொறிக். கிரேக்கப் பாணித் தூண்களோடு செங்கல்லால் கட்டி, சிப்பிச் சுண்ணாம்பால் பூசினார்கள். அது நிற்கும் மணற்குன்றை அலை அரித்து வருகிறது. சுவர்கள் ஒவ்வொன்றாய்க் கடலில் விழுந்துவிட்டன. கரையைக் கல்லிட்டுக் காக்காவிட்டால் எஞ்சியதும் போய்விடும்.

கப்பலும் ரயிலும்

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் இந்தக் கரைகளில் இறங்கி, வடபாதை வழியே மாத்தளைக்குக் காட்டினூடாக நடந்தார்கள். நீரின்றியும் கொலராவாலும் வழியில் மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். மலையகத்தின் கதை மன்னாரின் மணலில் தொடங்குகிறது. அதற்கு இங்கே இன்னும் பெரிய நினைவிடம் வேண்டும். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறந்தபின், தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கப்பலில் வந்து தலைமன்னார் இறங்குதுறையில் ரயில் ஏறலாம் என்றாயிற்று. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலில் அதே ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள், தாத்தாமார் வந்த வழியே திரும்பிப் போயின. 1980களின் நடுவில் கப்பல் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது, கப்பல் வரவில்லை.

பெருக்கமரம்

நகரை ஒட்டிய பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அரபு வணிகர் ஒட்டகத் தீவனத்துக்காகக் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். தெருக்களில் திரியும் கழுதைகளும் அவ்வணிகரின் வழி வந்தவை என்பது நம்பிக்கை.

போர்க்காலம்

1985 ஜனவரி 6ஆம் திகதி வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் பங்குமனையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், முசலி என இத்தீவிலும் கரையிலும் பல தலைமுறை வாழ்ந்தவர்கள் கையில் கிடைத்ததோடு புத்தளம் போனார்கள். தமிழில் மன்னார் வரலாறு எழுதுகிறவர் இதை ஒரு வரியில் தாண்டிப் போகலாகாது. அது அநீதி. 2009க்குப் பின் திரும்பியவர்கள் காடேறிய காணிகளையும் இழந்த உறுதிகளையும் கண்டார்கள். பலர் இன்றும் புத்தளத்திலேயே இருக்கிறார்கள். 2007இல் சிலாவத்துறையிலும் 2008இல் கட்டுக்கரைச் சூழலிலும் இராணுவம் முன்னேறியபோது தமிழ்க் குடும்பங்கள் ஊர் ஊராய்ப் பெயர்ந்தன. காணாமற்போனோரைத் தேடிய தாய்மாருக்காகக் குரல் கொடுத்தவர் 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு. 2018இல் நகரின் சதொச வளாகத்தில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடம் அனுப்பிய கரிமக் காலக்கணிப்பு அவற்றை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்தவை என்றது. காணாமற்போனோரின் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை.

இன்றைய கரை

2010இல் புதிய பாலம் திறந்தது. அதே ஆண்டு வங்காலையின் ஈரநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பனிக்காலத்தில் பூநாரைகளை வீதியிலிருந்தே காணலாம். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த திட்டத்துக்கு வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அவ்வாண்டு ஓகஸ்டில் புதிய காற்றாலைகளையும் இல்மனைற் மணல் அகழ்வையும் எதிர்த்து மக்கள் வீதியில் இறங்கினர். தாழ்ந்த மணல்தீவில் மழைநீர் வழிந்தோடும் வாய்க்கால்கள் அடைபடுகின்றன, வலசைப் பறவைகளின் பாதை மறிக்கப்படுகிறது, கரைவலைக்காரரின் பாடுகள் பறிபோகின்றன என்பது அவர்கள் வைத்த வழக்கு. மணலை அகழ்ந்தால் நிலமட்டம் தாழ்ந்து, கிணறுகளில் உவர் ஏறும் என்ற அச்சமும் அதில் அடங்கும். அந்த மாதம் அரசு காற்றாலைப் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்தி மக்களோடு பேச முன்வந்தது.