தொழில்நுட்ப எழுத்து: பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வேலையைச் செய்ய வழிகாட்டும் எழுத்தே தொழில்நுட்ப எழுத்து. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள், வரிப் படிவத்தின் விளக்கக் குறிப்பு, தையல் இயந்திரத்தின் கையேடு எல்லாம் இதில் அடங்கும். எழுதியவரின் புலமையை இங்கே யாரும் பார்ப்பதில்லை. வாசித்தவர் பிழைவிடாமல் வேலையை முடித்தாரா என்பதே கேள்வி.

எங்கள் ஊருக்கு இது பழைய பாடம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளை 1860களில் தமிழுக்கு மாற்றினார். படித்து முடிப்பவர்கள் கிராமங்களில் தமிழ் மக்களுக்கே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அவர் எண்ணினார். 'இரணவைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872) முதலிய நூல்கள் அப்படி வந்தவை. மொழிபெயர்ப்பில் அவருடைய மாணவர்களும் உழைத்தார்கள். யாருக்காக எழுதுகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதன்பின் மொழியையும் சொல்லையும் தெரிந்தெடுத்தார்கள். இன்றும் முதற் பாடம் அதுதான்.

மற்ற அடிப்படைகள் சில:

- ஒரு வசனத்தில் ஒரு செயல். பிரித்தானிய அரசின் இணையத்தளத்துக்கு எழுதுவோருக்கான வழிகாட்டலும் 25 சொற்களுக்கு மேற்பட்ட வசனத்தைப் பிரிக்க முடியுமா என்று பார்க்கச் சொல்கிறது.
- செய்யும் ஒழுங்கிலேயே எழுதுதல். எச்சரிக்கை, செயலுக்கு முன்னால் வர வேண்டும்.
- ஒரு பொருளுக்குக் கடைசிவரை ஒரே பெயர். முதலில் 'படிவம்', பிறகு 'பத்திரம்' என்றால் இரண்டு தாள் என்று வாசிப்பவர் நினைப்பார்.
- அளவும் நேரமும் தெளிவாக இருத்தல்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. அம்மம்மா குளிசை எடுக்கும் முறையைப் பிள்ளை தமிழில் எழுதட்டும். 'நாளுக்கு 2 குளிசை' என்று எழுதினால் அவர் இரண்டையும் காலையிலேயே விழுங்கிவிடலாம். 'காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 1, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 1' என்றால் மயக்கமில்லை. எழுதியதை அம்மம்மாவிடம் கொடுத்து, எப்படிச் செய்வார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை குறுக்கே விளக்கம் சொல்லக்கூடாது. அவர் தடுமாறும் இடத்தில்தான் திருத்தம் தேவை. பெட்டியில் உள்ள அறிவுறுத்தலோடு பெரியவர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம்.

இலண்டனில் எங்கள் பிள்ளைகள் பலர் சிறுவயதிலேயே பெற்றோருக்கு வந்த அலுவலகக் கடிதங்களை வாசித்து விளக்கியவர்கள். விளங்காத எழுத்து ஒரு வீட்டை எப்படிக் கலங்க வைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். விளங்க எழுதவும் அவர்களைப் பழக்குவோம்.