ஆயன் குழலும் அளவுகோலும்



கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டு நிலங்களை விரித்துரைக்கும் நூல். அதில் வரும் முல்லை நிலத்து ஆயன் கோலைக் கையால் கடைந்து தீயை உண்டாக்குகிறான். அத்தீயினாலேயே துளையிட்டுக் குழல் செய்து வாசிக்கிறான். இன்றைய திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் அத்தொண்டை நாட்டின் பகுதிகளே. ஆகவே குழல் செய்தல் நம் மண்ணுக்குப் பழகிய தொழில்.

துளையை ஏன் சுட வேண்டும்? மூங்கிலின் நார் நீளவாட்டில் ஓடுவது. அழுத்தித் துளைத்தால் அது பிளந்துவிடக்கூடும். பழுக்கக் காய்ச்சிய கம்பியோ நாரை எரித்து வழி செய்துகொள்ளும். இன்றும் குழல் செய்வோர் பலர் இம்முறையையே கையாளுகின்றனர்.

ஆயன் கைப்பழக்கத்தால் செய்த இத்தொழிலுக்குப் பிற்காலத்தில் இலக்கணமும் எழுந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், குழலின் நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவு கூறுகிறார். மரத்தை வெட்டி நிழலில் ஆறவிட்டு, ஓராண்டு சென்ற பின்னரே குழல் செய்ய வேண்டும் என்கிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தனுள் மூங்கிலையே தலையாயது என்கிறார். ஆயினும் மூங்கில் பொழுதுக்கேற்ப மாறும் என்றும், மரமே என்றும் ஒத்து நிற்கும் என்றும் அவரே சொல்கிறார். மாறும் பொருள் எவ்வாறு தலையாயதாகும்?

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், கைத்தொழில் வகுப்பில் பிள்ளைகள் குழல் செய்வதுண்டு. தொழிற்பேட்டையில் ஓர் அச்சில் வார்த்த பொருள்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல் வெளிவருவதைக் கண்டு பழகியவர்கள் அவர்கள். மூங்கிலில் இரண்டு கணுக்கள்கூட ஒன்றுபோல் இரா. ஒரே அளவில் துளையிட்ட இரு குழல்கள் இருவேறு சுருதி பேசக் கண்டு அவர்கள் வியந்தனர்.

முறை இதுதான். ஒரு முனையைக் கணுவே அடைத்திருக்க, வாய்த்துளையை மட்டும் முதலில் இட்டு ஊதிப் பார்த்தல் வேண்டும். சுருதி தாழ்ந்திருந்தால் மறுமுனையைச் சிறிது சிறிதாக அறுக்கலாம். அறுத்ததை மீண்டும் ஒட்ட இயலாது. விரல் துளைகளைச் சிறியனவாகச் சுட்டு, சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்த்து, மெல்ல அகலப்படுத்த வேண்டும். துளை பெருகச் சுருதி ஏறும். மெழுகிட்டுக் குறைத்தால் இறங்கும். ஊத ஊத உள்ளிருக்கும் காற்று வெம்மையுற்றும் சுருதி ஏறும். ஆதலின் சற்று ஊதிய பின்னரே முடிவு செய்தல் நன்று.

இவ்வெளிய கருவியைக் குடந்தை சரப சாஸ்திரிகள் (1872–1904) கச்சேரி மேடைக்கு உயர்த்தினார். பின்னர் டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) தடித்த மூங்கிலைக் கொண்டு, வாய்ப்பாட்டின் கமகங்களை அதில் வரச் செய்தார். அவர்கள் கையிலும் அது மூங்கிலாகவே இருந்தது.

உரையாசிரியர் மூங்கிலைத் தலையாயதாக வைத்ததன் பொருளை நான் இவ்வாறு கொள்கிறேன்: அளவுகோல் குழலின் உருவத்தைத் தரும்; செவியே அதற்குச் சுருதியைத் தரும். மாறும் பொருளோடு பழகுபவன் நாள்தோறும் செவியைத் தீட்டிக்கொள்கிறான். இந்நாளில் பிளாஸ்டிக் குழாயிலும் பிள்ளைகள் குழல் செய்கிறார்கள். தொடக்கத்திற்கு அதுவும் நல்லதே. ஆயினும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மூங்கிலேனும் நிழலில் உலர்ந்துகொண்டிருக்கட்டும். ஓராண்டு காத்திருக்கக் கற்பதும் கல்வியின் ஒரு பகுதியன்றோ?