ஊசோன் பாலந்தை கதை பிறந்த கதை

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை குறிஞ்சாக்கேணி, கிண்ணியாப் பக்கத்துச் சனம் திருகோணமலைக்குப் போகப் ‘பாதை’யில்தான் ஏறும். ஆளையும் வண்டியையும் ஒன்றாகச் சுமந்து வரும் அந்த மிதவை அக்கரையிலிருந்து திரும்பும்வரை கரையில் நிற்பவர்களுக்குக் கதைதான் துணை. நல்ல கதை வாய்த்தால் பாதை வந்ததுகூடத் தெரியாது.

திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 1891இல் அச்சில் கொண்டுவந்த ‘ஊசோன் பாலந்தை கதை’ அந்த ரகம். தமிழுக்கு வரும்போதே அதற்கு நானூறு வயது. 1489இல் லியோன் நகரில் அச்சேறிய பிரெஞ்சுக் கதைதான் ஆதி. கொன்ஸ்தாந்திநோபிள் பேரரசி மீது வீண்பழி விழுகிறது; பிள்ளைத்தாய்ச்சி என்றும் பாராமல் துரத்திவிடுகிறார்கள். காட்டில் இரட்டை ஆண்பிள்ளைகள். ஒன்றைக் கரடி தூக்கிப்போய் வளர்க்கிறது. மற்றது அரண்மனையில் வளர்கிறது, அதுவும் சொந்தத் தாய்மாமனிடமே, அவருக்கே தெரியாமல். வளர்ந்த பிறகு காட்டுக்காரனும் அரண்மனைக்காரனும் கட்டிப்புரண்டு சண்டை. கடைசியில் இருவரும் உடன்பிறப்புகள் என்று போட்டுடைப்பது யார் தெரியுமா? பேசும் பித்தளைத் தலை!

இப்படியொரு கதையை யார் கீழே வைப்பார்? இங்கிலாந்தில் மலிவுப் பதிப்புகளாகச் சிறுவர் கைக்கு வந்தது. 1843இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘கிறிஸ்மஸ் கரோல்’ கதையில், கிழட்டுக் கஞ்சன் ஸ்குரூஜ் தன் பள்ளிக்கூட நாட்களைத் திரும்பப் பார்க்கும்போது, அன்று படித்த புத்தகங்களின் ஆட்களெல்லாம் கண்முன் நடமாடுகிறார்கள். இந்த அண்ணன் தம்பியும் அவர்களில் உண்டு.

தமிழில் காட்டுக்காரன் ஓர்சன் ஊசோன் ஆனான், அரண்மனைக்காரன் வாலன்டைன் பாலந்தை ஆனான். பாலந்தை என்பது என் காதில் பெண்பிள்ளைப் பெயராகத்தான் விழுகிறது. நாலு பக்கம் வாய்விட்டுப் படித்தால் வாளோடு வந்து நிற்கிறான்.

இது நாவலே அல்ல, வீரசாகசக் கதை என்று விமர்சகர்கள் தள்ளிவைப்பதுண்டு. இருக்கட்டும். ஈழத்து நாவல்களில் முந்தியது எது என்று பார்த்தாலும் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885இலேயே வந்துவிட்டது. ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டவைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பாரம் இன்னாசித்தம்பியின் கதைக்கு இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

நாலே வருடத்தில் இன்னொரு திருகோணமலைக்காரர் வந்தார். சென்னையில் மாநிலக் கல்லூரி நூலகத்தில் வேலைபார்த்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை, 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். மதுரை சொக்கநாத நாயக்கரையும் தஞ்சை இளவரசியையும் வைத்துப் பின்னிய அதைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பார்கள்.

அசன்பே பிறந்தது எகிப்தில், ஊசோன் அலைந்தது ஐரோப்பாவில், மோகனாங்கி நடப்பது நாயக்கர் ஆண்ட தமிழகத்தில். ஈழத்து முதல் கதைக்காரர்கள் மூவரும் வாசகனைத் தொலைதூரத்துக்குத்தான் கூட்டிப்போனார்கள். சொந்த ஊரைக் கதையில் பார்க்க அன்றைய வாசகனுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

மோகனாங்கி 1919இல் ‘சொக்கநாத நாயக்கர்’ என்று சுருங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஊசோனும் பாலந்தையும் பாடப்புத்தகம் ஆகவில்லை. 1924இல் மறுபதிப்பாகத் திரும்பி வந்தார்கள், கரடியோடு.