தாய்மையும் போர்க்கலையும்

பிறேசில் நாட்டிலே 1941ஆம் ஆண்டில், வர்காசின் எதேச்சாதிகார ஆட்சியின்போது, விளையாட்டுத்துறையை ஒழுங்குபடுத்தும் ஆணைச்சட்டம் ஒன்று பிறந்தது. தம் இயற்கைக்கு ஒவ்வாத விளையாட்டுக்களில் பெண்கள் ஈடுபடலாகாது என அதன் 54ஆம் உறுப்புரை விதித்தது. ‘இயற்கை’ என்று அச்சட்டம் குறித்தது யாது என அறிய நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. அதற்கு முந்திய ஆண்டிலே, பெண்கள் உதைபந்தாடினால் நாட்டின் வருங்காலத் தாய்மாரின் உடல் கெட்டுவிடும் என்று குடிமகன் ஒருவர் சனாதிபதிக்கு எழுதிய முறையீடு பரபரப்பை உண்டாக்கியிருந்தது. 1965இல், இராணுவ ஆட்சியின்கீழ், தடை மேலும் துலக்கமாயிற்று. எவ்வகைச் சண்டைக்கலையும் பெண்களுக்கு விலக்கு என வெளிப்படையாகவே பட்டியலிடப்பட்டது.

ஈண்டு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். விலக்கப்பட்டவள் கருவுற்ற பெண் மாத்திரம் அல்லள். பெண்ணாய்ப் பிறந்த எவளும் விலக்கப்பட்டாள். என்றோ ஒருநாள் பிறக்கக்கூடிய குழந்தையின் பெயரால், இன்று உயிரோடு நிற்கும் பெண்ணின் உடல் அரசின் சொத்தாக்கப்பட்டது. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களிலும் கரும்பு வயல்களிலும் உழைத்த பெண்களின் முதுகெலும்பைப் பற்றி அதே அரசு இத்துணைக் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. நமது மலைநாட்டிலும், கருவுற்றிருந்த காலத்திலே கூடை சுமந்து சரிவுகளில் ஏறிக் கொழுந்து பறித்தவளின் உழைப்பு அவளது இயற்கைக்கு ஒவ்வாதது என்று எந்தத் துரையும் கண்டுபிடிக்கவில்லை. பெண்ணின் உடல் இலாபத்துக்காக வருந்தும்போது அது வலியது; தன் விருப்பத்துக்காக அசையும்போது மட்டும் மென்மையானது!

யப்பானின் கதை சற்று வேறுபட்டது. ஜூடோவை ஆக்கிய ஜிகோரோ கானோ பெண்களுக்கும் அக்கலையைக் கற்பித்தார். அவரது கொடொகான் பயிற்சிக்கூடத்தில் 1926இல் பெண்களுக்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. ஆயினும் அங்கு பெண் பயிலலாம், போட்டியில் இறங்கலாகாது. ஐந்தாம் தரத்துக்கு மேல் பெண்ணுக்குத் தரம் வழங்காத வழக்கம் 1970களின் தொடக்கம்வரை நீடித்தது. கானோவின் ஆசிரியர் ஒருவரின் பேர்த்தியான கெய்கோ ஃபுகுடா (1913-2013), மணம் செய்தால் கலையைக் கைவிடவேண்டும் என்ற நிபந்தனை வந்தபோது மணத்தையே கைவிட்டார். தாய்மையா, கலையா என்னும் அந்தக் கேள்வி எந்த ஆணிடமும் கேட்கப்பட்டதில்லை. நியூயோர்க் மாநிலத்தில் 1959இல் றஸ்ரி கனோகோகி ஆண்வேடத்தில் ஜூடோப் போட்டியில் வென்றார். பெண் என அறியப்பட்டதும் பதக்கம் பறிக்கப்பட்டது. தம் வீட்டை ஈடுவைத்து, 1980இல் பெண்களுக்கான முதலாவது உலக ஜூடோப் போட்டியை நியூயோர்க் நகரிலே நடத்திக்காட்டியவரும் அவரே. 1964இல் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு இடம்பெற்ற ஜூடோவிலே பெண்கள் பதக்கத்துக்குப் போட்டியிட 1992வரையும், குத்துச்சண்டையிலே 2012வரையும் காத்திருக்கவேண்டியதாயிற்று. பிறேசிலிற் பெண்கள் சிலர் 1979இல் ஆண் பெயர்களிற் பதியப்பெற்றுத் தென்னமெரிக்க ஜூடோப் போட்டிக்குச் சென்றனர். அவ்வாண்டிலேயே அந்நாட்டுத் தடையும் நீங்கிற்று.

இத்தடைகளால் விளைந்த கேடு வாய்ப்பிழப்பு மட்டுமன்று. பயிற்சிக்கூடத்தில் பெண்ணே இல்லாதவிடத்து, கருவுற்ற பெண் எவ்வாறு பயில்வது என்ற வினா எழ இடமில்லை. எழாத வினாவுக்கு எவர் விடை தேடுவர்? மருத்துவ உலகமும் அளவுமீறிய அச்சத்திலேயே நின்றது. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 1985இல் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, கருவுற்றவளின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டலாகாது. கடும்பயிற்சி 15 நிமிடத்துக்கு மேற்படலாகாது. 1994இல் இவ்வெல்லைகள் கைவிடப்பட்டன. சிக்கலற்ற கருப்பமுடைய பெண் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான பயிற்சி செய்வது நன்று என 2020இல் உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்தது.

அச்சம் பொய் என்பதால் ஆபத்தும் பொய் என்று கொள்வது இன்னொரு மூடத்தனம். முதல் மூன்று மாதங்களில் கருப்பை இடுப்பென்புகளின் காப்பினுள் இருக்கிறது. அதன்பின் மேலெழுந்து வயிற்றறையை அடைகிறது. கருப்பைச்சுவர் நெகிழ்ந்து கொடுக்கும். அதனோடு ஒட்டியிருக்கும் சூல்வித்தகம் அவ்வாறு நெகிழாது. வயிற்றில் விழும் உதையோ, எறியப்பட்டு நிலத்தில் மோதும் அதிர்ச்சியோ இரண்டையும் பிரித்துவிடக்கூடும். அது தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. கவசம் அணிந்தாலும் இவ்வதிர்ச்சியை முற்றாகத் தடுக்கமுடியாது. ஆகவேதான் குத்துச்சண்டை முதலிய மோதல் விளையாட்டுக்களையும், விழும் அபாயம் மிகுந்தவற்றையும் கருப்பகாலத்தில் தவிர்க்குமாறு வைத்தியர்கள் இன்றும் வற்புறுத்துகின்றனர். இதிலே சலுகைக்கு இடமில்லை. நேரடிச் சண்டை, எறிதல், எறியப்படுதல், கழுத்தை நெரிக்கும் பிடி, எடைப்பிரிவுக்காகப் பட்டினி கிடந்தும் வியர்த்தும் உடலை வற்றச்செய்தல் ஆகியவற்றை அறவே விடல் வேண்டும்.

எனின் எஞ்சுவது என்ன? மிகப்பல. கராத்தேயிலும் ஜூடோவிலும் ‘கதா’ எனப்படும் ஒழுங்கமைந்த அசைவுகள் உண்டு. எதிராளியின்றி அல்லது ஒத்துழைக்கும் துணையோடு பயிலப்படுபவை அவை. இவற்றுள்ளும் எறிந்து விழுத்தும் பகுதிகளை நீக்கியே கருவுற்றவள் பயிலவேண்டும். நிலைகள், காலடி வைப்பு, வெற்றுவெளியிற் குத்துதல், மூச்சுப்பயிற்சி, புதியோருக்குக் கற்பித்தல் ஆகிய யாவும் அவளுக்குரியனவே. மாதங்கள் ஏற ஏற வயிறு முன்தள்ளி உடலின் ஈர்ப்புமையம் மாறும். மூட்டுக்களின் பிணைப்பு நெகிழும். உயர்ந்த உதையும் திடீர்த் திருப்பமும் அப்போது ஆகா. மல்லாந்து நெடுநேரம் கிடந்தால் கருப்பையின் பாரம் பெருநாளத்தை அழுத்தும். புழுக்கமான கூடத்தில் உடல் கொதிக்கப் பயிலலாகாது. இடையிடையே நீர் அருந்தவேண்டும். குருதிப்பெருக்கு, பனிநீர்க் கசிவு, ஒழுங்காக வரும் வலி, தலைச்சுற்று, நெஞ்சுநோவு, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அக்கணமே நிறுத்தி வைத்தியரை நாடுதல் வேண்டும். கருப்பைவாய்த் தளர்ச்சி, உயர்ந்த குருதியமுக்கம், சிலவகை இதயநோய்கள் உடையோருக்கு வைத்தியரின் சொல்லே முந்தியது. கருவுறுமுன் பயிலாதவள் இக்காலத்தில் இக்கலையைப் புதிதாகத் தொடங்குவதும் உகந்ததன்று.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் எகிப்திய வாள்வீச்சு வீராங்கனையும் மருத்துவப் பட்டதாரியுமான நாடா ஹாபெஸ் ஏழுமாதக் கருப்பத்தோடு போட்டியிட்டார். முதற்சுற்றில் 15-13 என வென்று, அடுத்ததிலே தோற்றார். போட்டி முடிந்தபின்னரே செய்தியை உலகறியச் செய்தார். அதே விழாவில் அசர்பைஜான் நாட்டு வில்லாளி யாய்லாகுல் ரமசானோவாவும் கருவுற்றிருந்தார். முன்னவரது துணிவைப் பாராட்டுகிறோம். எனினும் வாள்முனை உடலைத் தொடும் ஆட்டத்தையும் தொலைவில் நின்று அம்பெய்யும் ஆட்டத்தையும் ஒரே தராசில் வைத்து எல்லாப் பெண்களுக்கும் முன்மாதிரியாக்க நாம் உடன்படோம்.

நம்மை உறுத்துவது வேறொன்று. 2014இல் உலகப் போட்டிக்குப் புறப்பட்ட இந்தியக் குத்துச்சண்டை வீராங்கனைகள் கருப்பப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். சொன்னால் இடம்போகும் என்ற நிலை இருக்கும்வரை, கருவுற்றவள் முதல் வாரங்களை மறைத்தே கழிப்பாள், மறைத்துக்கொண்டு எறியப்படுவாள். ஆகவே பாதுகாப்பு பயிற்சிக்கூடத்தின் வாசலிலேயே தொடங்குகிறது. செய்தியைச் சொன்ன மாணவியின் தரமும் இடமும் அவள் மீண்டு வரும்வரை அவளுக்கே உரியவை என்று ஆசிரியர் முன்கூட்டியே அறிவித்திருக்கவேண்டும். அவளை வீட்டுக்கு அனுப்பாது, கூடத்தின் மறுபக்கத்திலே கதா பயில்வோரின் வரிசையில் நிறுத்தவேண்டும்.