கைம்பெண்ணுக்கும் அநாதைக்கும் ஒரு விளைநிலம்



பசித்தவருக்கு உணவளிப்பதை நம் மார்க்கம் பெரும் நன்மையாகப் போற்றுகிறது. தமக்கே உணவின் மீது விருப்பம் இருந்தும் ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டோருக்கும் அதை வழங்குவோரை அத்தஹ்ர் அத்தியாயம் புகழ்ந்துரைக்கிறது. ஆனால் இன்று வழங்கிய உணவு இன்றைய பசியைத்தான் ஆற்றும். நாளைய பசிக்கு வழி என்ன? உணவை விளைவிக்கும் நிலத்தையே ஏழைகளுக்கு உரியதாக்கிவிடுவது என்பதே நம் முன்னோர் கண்ட விடை.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபர் வெற்றிக்குப் பின் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மதிப்புமிக்க செல்வம் தமக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை என்று கருதிய அவர்கள், அதை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். அன்று முதல் அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகத் தரப்படாது, வாரிசுகளுக்குப் பங்கிடப்படாது என்றாயிற்று. அதன் பலன் ஏழைகளுக்கும் உறவினர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் விருந்தினர்களுக்கும் அடிமைகளின் விடுதலைக்கும் உரியதாயிற்று. நிலத்தைப் பராமரிப்பவர் தம் தேவைக்கு நியாயமான அளவில் உண்ணலாம். ஆனால் அதைக் கொண்டு செல்வம் சேர்க்கக் கூடாது. தமக்குப் பின் இதன் பொறுப்பைத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் உமர் (ரலி) ஒப்படைத்தார்கள். நபிகளாரின் துணைவியாரான அவர்களும் கணவரை இழந்தவரே. கைம்பெண்ணைக் கையேந்துபவராக மட்டுமே காணும் சமுதாயம் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஒரு தோட்டத்தில் தொடங்கிய இந்தச் சிந்தனை, கலீஃபாவான பின் ஒரு நாட்டையே தழுவியது. இராக்கின் செழிப்பான விளைநிலங்கள் முஸ்லிம்களின் கைக்கு வந்தபோது, அவற்றைப் போர்வீரர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று பிலால் (ரலி) போன்ற நபித்தோழர்கள் வலியுறுத்தினார்கள். உமர் (ரலி) இணங்கவில்லை. நிலம் முழுவதையும் இன்றிருப்போரே பங்கிட்டுக்கொண்டால், பின்னால் வருவோருக்கு என்ன மிஞ்சும்? இந்நாட்டின் அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் என்ன கிடைக்கும்? இதுவே அவர்களின் கேள்வி. பல நாள் கலந்தாலோசனைக்குப் பின், பின்னால் வருவோரையும் குறிப்பிடும் அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் வசனத்தைச் சான்றாகக் காட்டித் தம் முடிவை நிலைநாட்டினார்கள். நிலம் உழுதவர்களிடமே இருந்தது. அதன் வரி பொதுநிதிக்கு வந்தது.

ஏழைக்கு உதவுவதற்காக உழவனை வாட்டவும் அவர்கள் விரும்பவில்லை. நிலத்தை அளக்கச் சென்ற ஹுதைஃபா (ரலி), உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) இருவரிடமும், நிலம் தாங்க இயலாத வரியை விதித்துவிட்டீர்களோ என்று கவலையுடன் கேட்டார்கள். அப்போதே, அல்லாஹ் தம்மை வாழவைத்தால் இராக்கின் கைம்பெண்கள் தமக்குப் பின் எவரிடமும் தேவையாகாத நிலையை உருவாக்கப்போவதாகவும் கூறினார்கள். அதற்குப் பின் நான்கே நாட்களில் அவர்கள் கத்தியால் குத்தப்பட்டார்கள். ஹிஜ்ரி 23இல் (கி.பி. 644) இவ்வுலகை விட்டுப் பிரிந்த அந்த மாமனிதரின் கடைசிக் கவலைகளுள் ஒன்று கைம்பெண்களின் உணவாக இருந்தது.

தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின், உஸ்மானியப் பேரரசர் சுலைமானின் துணைவியார் ஹுர்ரம் சுல்தான் இதே வழியில் நடந்தார். 1552ஆம் ஆண்டளவில் ஜெரூஸலத்தில், அல்அக்ஸாவுக்கு அருகே, அவர் ஓர் அன்னசாலையை நிறுவினார். 1557ஆம் ஆண்டு வக்ஃப் ஆவணத்தின்படி அங்கு நாள்தோறும் இருவேளை 400 ஏழைகளுக்கு ரொட்டியும் கஞ்சியும் வழங்கப்பட வேண்டும். லுத், பைத் தஜன் முதலிய பல கிராமங்களின் வருவாய் இதற்கென ஒதுக்கப்பட்டது. சமைப்பவர், ரொட்டி சுடுபவர், கோதுமை குற்றுபவர், அரிசியில் கல் பொறுக்குபவர் என ஏறத்தாழ 50 பேர் பணியாற்றினர். வயலும் அடுப்பும் ஒரே ஆவணத்தில் இணைக்கப்பட்டன.

அந்த அடுப்பு அணையவில்லை. 1920களில் அவ்வளாகத்திலேயே முஸ்லிம் அநாதைச் சிறுவர்களுக்கான தாருல் அய்தாம் கல்விக்கூடமும் உருவாயிற்று. ஆனால் வயல்கள் நிலைக்கவில்லை. 1948இல் பைத் தஜன் மக்கள் தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். லுத் நகரின் மக்களுக்கும் அவ்வாண்டு அதே கதி நேர்ந்தது. நிலங்கள் ஊட்டிய அன்னசாலை இன்று நன்கொடைகளை எதிர்பார்த்து நிற்கிறது.

அன்பர்களே! அங்கே நிலம் பறிபோனது வன்முறையால். நம் ஊர்களில் முன்னோர் விட்டுச்சென்ற வக்ஃப் நிலங்கள் நம் அலட்சியத்தால் பறிபோகலாமா? அடிமாட்டுக் குத்தகைக்கு வக்ஃப் வயலை வைத்திருப்பவர் பள்ளிவாசலின் சொத்தை மட்டும் உண்ணவில்லை; ஓர் அநாதையின் தட்டிலிருந்து எடுத்து உண்கிறார். ரமளானில் ஒரு மூட்டை அரிசி கொடுப்பது நன்று. ஒரு சிறு தோப்பையோ சில தென்னைகளையோ ஏழைகளின் உணவுக்கென நிரந்தரமாக ஒதுக்குவது அதனினும் நன்று. ஒதுக்கியதைக் கணக்கோடு காப்பது நம் அனைவர் மீதும் உள்ள அமானிதம்.

நாம் மறைந்த பின்னும் விளைந்துகொண்டே இருக்கும் தர்மத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.