ஈயம் பூசிய செம்பும் இந்தியாவின் துகள் முடுக்கியும்

திருவண்ணாமலையின் பழைய வீடுகளில் பித்தளை அண்டாவும் தவலையும் இன்னும் பரணில் கிடப்பதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் தெருவில் ஈயம் பூசுபவரின் குரல் கேட்டால் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். பாத்திரம் பித்தளைதான். ஆனால் புளிக்குழம்பு படுவது ஈயத்தின் மேல். உள்பக்கம் மெல்லிய பூச்சு இருந்தால் போதும், முழுப் பாத்திரத்தையும் ஈயத்தில் செய்ய வேண்டியதில்லை.

கிட்டத்தட்ட இதே யோசனையை வைத்து மும்பையில் ஒரு துகள் முடுக்கி கட்டப்பட்டது என்றால் நம்புவீர்களா? அந்தக் கதைதான் இது. காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் "வாங்குவதா, நாமே செய்வதா?" என்று ஒரு கணக்கு வருமே, அந்தக் கணக்கும் இதற்குள் இருக்கிறது.

கேவிட்டி என்றால் என்ன?

மின்னேற்றம் உள்ள துகள்களை மிக வேகமாக ஓட வைக்கும் கருவிதான் துகள் முடுக்கி. அதன் இதயம் கேவிட்டி. உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஓர் உலோகக் கூடு. அதற்குள் ரேடியோ அலையைச் செலுத்தினால் மின்புலம் ஒரு நொடியில் பல கோடி முறை திசை மாறி மாறி அதிரும். சரியான நேரத்தில் நுழையும் துகளுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். ஊஞ்சலைச் சரியான சமயம் பார்த்துத் தள்ளுவது போல.

சாதாரண செம்புக் கேவிட்டியில் கொடுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி சுவரிலேயே வெப்பமாகப் போய்விடும். இங்கேதான் மீக்கடத்தி வருகிறது. 1911ல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ், பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை மறைந்துபோவதைக் கண்டார். காரீயம், நியோபியம் போன்ற உலோகங்களும் அப்படித்தான்.

கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அடித்தால் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது? செம்புக் கேவிட்டிக்குள் செலுத்திய ஆற்றல் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அடங்கிவிடும். நல்ல நியோபியம் கேவிட்டியில் அது ஒரு நொடி அளவுக்கு நிற்கும்! குளிர்விக்கும் செலவு இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். உள்ளே உண்டாகும் ஒவ்வொரு வாட் வெப்பத்தையும் வெளியேற்ற வெளியே சில நூறு வாட் மின்சாரம் வேண்டும். அதையும் சேர்த்துக் கூட்டினாலும் லாபம் மீக்கடத்திக்குத்தான்.

மும்பையின் வழி: பூச்சு

1965ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் காரீயம் பூசிய கேவிட்டியில் எலக்ட்ரான்களை முடுக்கிக் காட்டினார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து தேர்ந்தெடுத்ததும் இந்த வழியைத்தான். 1988 இறுதியில் அங்கு இயங்கத் தொடங்கிய பெல்லட்ரான் முடுக்கியிலிருந்து வரும் அயனிகளுக்கு மேலும் வேகம் கொடுக்க ஒரு மீக்கடத்தி லைனாக் வேண்டும். முழு நியோபியத்தில் செய்தால் உலோகமும் விலை, வேலையும் கடினம். செம்பு என்றால் நம் பட்டறைகளிலேயே கடையலாம். மின்னோட்டம் சுவரின் மேல்தோலில் மட்டும் ஓடுவதால் 2 மைக்ரான் காரீயப் பூச்சே போதும். (நம் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். இது காரீயம்.)

கேட்க எளிது. பூச்சில் ஒரு சிறு கறை இருந்தாலும் அந்த இடம் சூடாகி, கேவிட்டி மீக்கடத்தும் தன்மையை இழந்துவிடும். முதல் கட்டம் 2002ல் முடிந்தது. 7 குளிர்கலன்களில் 28 கேவிட்டிகளுடன் முழு லைனாக் 2007ல் தயாரானது.

டெல்லியின் வழி: நியோபியம்

டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு 1984ல் தொடங்கிய அணு அறிவியல் மையம் (இன்று பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம்) வேறு வழியில் போனது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்துடன் சேர்ந்து நியோபியம் கேவிட்டியை வடிவமைத்தது. முதல் தொகுதி அமெரிக்காவில்தான் உருவானது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்தவற்றை இங்கேயே செய்வது என்று முடிவெடுத்தார்கள். நியோபியத்தைத் திறந்தவெளியில் பற்றவைக்க முடியாது, சூடானதும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிக் கெட்டுப்போகும். எனவே வெற்றிடத்துக்குள் எலக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கும் இயந்திரம், அமிலத்தால் மெருகேற்றும் கூடம், வெற்றிட உலை எல்லாம் டெல்லிக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 8 கேவிட்டிகள் கொண்ட 3 குளிர்கலன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டன.

தடையும் வரவேற்பும்

இதற்கு நடுவே 1998 மே மாதம் பொக்ரான் சோதனை. அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. அந்த நவம்பரில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து எதை வாங்குவதென்றாலும் அனுமதி வேண்டும்.

பத்தாண்டுகளில் காட்சி மாறியது. இந்தூரின் ராஜா ராமண்ணா மையம் நியோபியத் தகட்டை அச்சில் அழுத்திக் கிண்ணங்களாக்கியது. டெல்லி அவற்றைப் பற்றவைத்தது. சிகாகோ அருகே உள்ள ஃபெர்மிலேபில் சோதித்தபோது அவை ஒரு மீட்டருக்கு 2 கோடி வோல்ட் அளவைத் தொட்டன. இந்தூர்க்காரர்கள் லேசரால் பற்றவைத்தும் கேவிட்டி செய்து காட்டினார்கள்.

2018 ஏப்ரலில் நியூட்ரினோ ஆராய்ச்சிக்கான இந்திய - அமெரிக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃபெர்மிலேபின் பிப்-2 முடுக்கிக்கு இந்தியா கருவிகள் தருகிறது. அதற்கான முதல் மாதிரிக் குளிர்கலன் ஒன்றில் இருந்த 8 கேவிட்டிகளில் ஒன்று இந்தியாவில் செய்தது! அந்தக் கூட்டாளிகளில் பாபா மையமும் ஒன்று. ஒரு கையால் பட்டியலில் வைத்திருந்த நாடு மறு கையால் அதன் பொருளை வாங்கிக்கொண்டது. அந்தப் பட்டியலிலிருந்து பாபா மையத்தின் பெயர் நீங்கியது 2025 ஜனவரியில்தான்.

நமக்கு என்ன லாபம்?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதற்குள் தோரியம் இருக்கிறது. தோரியம் நேரடியாக எரிபொருள் ஆகாது. நியூட்ரானை உண்டு யுரேனியம்-233 ஆக மாற வேண்டும். கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் காமினி என்ற சிறு உலை அந்த யுரேனியம்-233ஐப் பயன்படுத்துவதுதான். தேவையான நியூட்ரான்களை ஒரு பெரிய புரோட்டான் முடுக்கி மூலம் தரலாம் என்பது ஒரு திட்டம். அப்படிப்பட்ட முடுக்கி இடைவிடாமல் ஓட வேண்டும். செம்பில் ஓட்டினால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் கணிசமான பகுதியை அதுவே தின்றுவிடும். அதனால்தான் மீக்கடத்தி கேவிட்டி அவசியம். இந்தத் திட்டம் இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

கணக்கை நேர்மையாகப் பார்த்தால் செலவுப் பக்கமும் சிறியதல்ல. மும்பையும் டெல்லியும் பாடுபட்டுக்கொண்டிருந்த காலத்துக்குள் ஐரோப்பாவின் லெப் முடுக்கி 1989ல் தொடங்கி 2000ல் மூடப்பட்டு, அதே சுரங்கத்தில் 2008ல் எல்.ஹெச்.சி. வந்துவிட்டது. நாமே செய்ததற்கு நாம் கொடுத்த விலை காலம். ஒரு தலைமுறை மாணவர்களின் ஆராய்ச்சிக் காலமும் அதில் அடக்கம்.

வரவுப் பக்கத்தில் நிற்பது கைப்பழக்கம். வாங்கிய கேவிட்டி ஒருநாள் பழசாகும். எங்கே கறை படிந்தது, ஏன் சூடானது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த கைகள் அடுத்த கேவிட்டியையும் செய்யும். ஈயம் பூசுபவருக்கு இது தெரியும். கடையில் பாத்திரம் கிடைக்கும், பூசும் பக்குவம் கிடைக்காது.